கொரோமோ அருவியில் இரண்டு பேர்

எடோ நகரம்
தென்போ நான்காம் ஆண்டு, ஒன்பதாம் மாதம், பன்னிரண்டாம் நாள்

மதிப்பிற்குரிய அண்ணி ஓமசாவுக்கு,

யசுகிச்சி எழுதுவது. என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் இருந்தால் இந்த இரண்டாவது வரியும் உங்கள் கண்ணில் படும்.

வருகிற பன்னிரண்டாம் மாதத்தோடு அண்ணன் தொகுஸோ போய் இரண்டு வருடம். காரியத்துக்கு வந்து போனதற்குப் பிறகு உங்களுக்கு ஒரு வரி நான் எழுதவில்லை. காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது எழுதுவதும் வேலை விஷயமாகத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதிப்பாளர் கியூபே எட்டு அருவிகளை வரிசையாக அச்சுப் படமாகக் கொண்டு வருகிறார். ஏழு வரைந்து கொடுத்துவிட்டேன். எட்டாவது உங்கள் ஊர் கொரோமோ அருவி. "உங்க அண்ணன் உயிர் விட்ட இடம். நீ வரைஞ்சா ஜனங்க கும்பிட்டு வாங்குவாங்கப்பா" என்கிறார். அவர் வாயை என்ன செய்ய.

நான் அந்த அருவியைப் பார்த்ததில்லை. மற்ற ஏழில் ஐந்தையும் பார்த்ததில்லை; யாத்திரைப் புத்தகங்களை வைத்துக்கொண்டுதான் வரைந்தேன். எங்கள் தொழிலில் அருவியின் தண்ணீரை யாரும் வரைவதில்லை. இரண்டு பக்கமும் பாறையை வரைந்து நடுவில் தாளை வெறுமையாக விட்டுவிடுவோம். அந்த வெறும் தாள்தான் தண்ணீர். கும்பிடுகிறவர்களுக்கு அதுதான் சாமி. இந்த ஒரு அருவிக்கு மட்டும் எவ்வளவு அகலத்துக்குத் தாளை விடுவது என்று தெரியாமல் பத்து நாளாகத் தூரிகை கையிலேயே காய்கிறது.

பதினோரு வருடமாக அதன் அடிவாரத்தில் விடுதி நடத்துகிறீர்கள். தண்ணீர் ஒற்றையாக விழுமா, பிரிந்து விழுமா? பாறை கறுப்பா, செம்மண் நிறமா? அருவிக்கு அடியில் நின்று மந்திரம் சொல்கிற விரதக்காரர்கள் எங்கே நிற்பார்கள்? இவ்வளவு எழுதினால் போதும்.

வலது கண் அப்படியேதான் மங்கலாக இருக்கிறது. இடது கண்ணால் பிழைப்பு நடக்கிறது.

யசுகிச்சி


தகிமோத்தோ கிராமம்
அதே மாதம், இருபத்தெட்டாம் நாள்

எடோ நகரத்து ஓவியர் யசுகிச்சி அவர்களுக்கு,

கடிதம் அடுப்புக்குப் போகவில்லை. ஆள் வராத விடுதியில் அடுப்பு பாதி நாள் எரிவதில்லை.

அருவி எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்கிறீர்கள். ஓவியரே, நான் பெண். பாதையோரத் தேவதாரு மரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. பெண்கள் அதோடு நின்றுகொள்ள வேண்டும். அதற்கு மேலே மலை முழுக்க ஃபுதோ சாமியுடையது. கையில் வாளும் முதுகில் நெருப்புமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிற அந்தச் சாமிதான் அருவியாக நிற்கிறது என்று ஆண்கள் இறங்கி வந்து சொல்வார்கள். நாங்கள் சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொள்வோம். எங்கள் பங்குக்குக் கிடைத்தது சத்தம் மட்டும். அதை உங்கள் தாளில் போட முடியுமா?

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரிந்துதானே நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்தில், மந்திரம் ஓதிய துறவி இடத்தை விட்டு எழுந்திருக்கும் முன்னே, அத்தனை பேருக்கு நடுவில் கேட்டீர்கள்! "அண்ணி, நேராச் சொல்லுங்க. அந்தக் கல்லைத் தாண்டினீங்களா, இல்லையா? நீங்க தாண்டினதாலதான் சாமி அண்ணனை அடிச்சதுன்னு ஊரே சொல்லுதே!" நான் வாயைத் திறக்கவில்லை. வைத்த சோற்றைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். அதுவரை ஊர் அதைக் காதோடு காதாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. கூடப் பிறந்தவரே கேட்டுவிட்ட பிறகு யாருக்கும் சந்தேகமில்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து யாத்திரைக் கூட்டங்கள் என் வாசலைக் கடந்து அடுத்த விடுதிக்குப் போகின்றன. போன வாரம் ஊர்த்தலைவர் மொஹேய் வந்து நின்றார். "வர்ற அஞ்சாம் மாசம் ஊர்க்கூட்டம். அதுக்குள்ள பொறந்த வீட்டுக்குப் போயிடும்மா. மலைக்கு ஆகாதவ மலையடியில இருக்கக் கூடாது" என்றார். அவர் மகன் நாவோஜியும் உங்கள் அண்ணன் இறந்த அன்றைக்கு அருவிக்கரையில் இருந்தவன்தான். முப்பது வயது ஆள், என்னைத் தெருவில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான்.

இன்னொன்று. உங்கள் அண்ணன் பிள்ளை வரம் கேட்டுத்தான் அந்தக் குளிரில் நின்றார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார். அவர் இருபத்தொரு நாள் நேர்ந்துகொண்டது உங்கள் வலது கண்ணுக்கு. "தம்பிகிட்ட சொல்லிடாத. கேட்டா அவன் கை நடுங்கும், அப்புறம் கோடு எப்படி நேரா வரும்?" என்றார். பத்தொன்பதாம் நாள் போய்விட்டார்.

சொல்லாமலே இருந்துவிட நினைத்தேன். கண் அப்படியே இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபிறகு அடக்க முடியவில்லை.

ஓமசா


எடோ
பத்தாம் மாதம், பதினைந்தாம் நாள்

அண்ணி,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால், காலை மிதித்துவிட்டுச் சொல்கிற சொல் மாதிரி இருக்கிறது.

அன்றைக்கு உங்களைக் கேட்டது அண்ணன் மேல் வைத்த பாசத்தில் வந்த கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. யார் மேலாவது பழியைப் போட்டால்தான் என்னால் நிற்க முடிந்தது. எதிரே நீங்கள் இருந்தீர்கள்.

எட்டாவது படம் வேண்டாம் என்று கியூபேயிடம் போய்ச் சொன்னேன். "பைத்தியமா உனக்கு? ஏழு அருவின்னு போட்டா எவன் வாங்குவான்?" என்று கத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போய்ப் பார்த்துட்டாவது வா. பனிக்காலத்துலயா போகப்போற? போ, போ, செத்துத் தொலைக்காம வா" என்றார்.

அண்ணன் நின்ற அதே நாட்களில், பன்னிரண்டாம் மாதம் போகிறேன். மேற்குக் கணவாய் வழியாக ஏறி அப்படியே திரும்பிவிடுவேன். உங்கள் வாசலில் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை.

யசுகிச்சி


தகிமோத்தோ
பதினோராம் மாதம், ஆறாம் நாள்

யசுகிச்சிக்கு,

மேற்குக் கணவாய் பன்னிரண்டாம் மாதம் மூடிவிடும். அந்த வழியில் போய் நீங்களும் விழுந்தால் இந்த வீட்டில் இன்னொரு காரியம் நடத்த என்னால் ஆகாது. எங்கள் தெரு வழியாகவே ஏறுங்கள். என்னைக் கூப்பிட வேண்டாம்.

பனியில் வழுக்காமல் இருக்கச் செருப்புக்கு அடியில் கட்டுகிற அவருடைய இரும்புப் பற்களை எண்ணெய் போட்டுத் துடைத்து எல்லைக்கல்லின் மேல் வைக்கிறேன். திரும்பும்போது அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம்.

இந்த வருடம் நெல் விளையவில்லை. வழியில் சோறு கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள்.

ஓமசா


எடோ
தென்போ ஐந்தாம் ஆண்டு, முதல் மாதம், எட்டாம் நாள்

அண்ணிக்கு,

போய் வந்துவிட்டேன். இரும்புப் பற்களைத் திரும்பக் கல்லின் மேல் வைத்தேன். அவற்றோடு நீங்கள் துணியில் முடிந்து வைத்திருந்த தினை உருண்டை மூன்றையும் தின்றேன். போகும்போது நீங்கள் முதுகைக் காட்டியபடி வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தீர்கள். அண்ணி என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட வேண்டாம் என்று நீங்கள் எழுதியது எனக்கு வசதியாகப் போயிற்று. கோழைதான் நான்.

அருவியைப் பார்த்ததும் முடித்துக் கொடுத்த ஏழு படங்களையும் கொளுத்த வேண்டும் போலிருந்தது. நான் வரைந்த தண்ணீரெல்லாம் கொடியில் காயப்போட்ட துணி. இது விழவில்லை அண்ணி, நிற்கிறது. கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குப் பார்வையைத் திருப்பினால் பாறைதான் மேலே ஏறிப் போகிறது. ஃபுதோ, அதாவது அசையாத சாமி, என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் பக்திமான் இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன.

வழிகாட்ட ஒரு விறகுவெட்டி வந்தார். குளம்வரைக்கும் போகலாம் என்று காலை எடுத்து வைத்தேன். "ஐயா, அங்கயே நில்லுங்க! வெயில் ஏறுது!" என்று கத்தினார். சூரியன் முகட்டைத் தாண்டியதும், மேலே பாறை விளிம்பில் விழுதுவிட்டுத் தொங்கிய பனிக்கட்டி ஒன்று முறிந்து, விரதக்காரர்கள் நிற்கும் இடத்துக்கு நேராக வந்து விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அது தேவதாருத் தடிமன் இருக்கும்.

"விடியறதுக்குள்ள முடிச்சுட்டு இறங்கிடுவாங்க. கடைசி மூணு நாள் மட்டும் மந்திரம் ரெட்டிப்பு, முடியறதுக்குள்ள வெயில் ஏறிடும். உங்க அண்ணன் அதுல மாட்டிக்கிட்டார். பனிதான் அடிச்சதுன்னு ஊருக்கே தெரியும். இத்தனை வருஷம் யார் மேலயும் விழாதது அவர் மேல ஏன் விழுந்துச்சுன்னு கேட்டு, உங்க அண்ணியைப் பிடிச்சுக்கிட்டாங்க" என்றார்.

அண்ணி, பனிக்கட்டிக்கு யார் கல்லைத் தாண்டினார்கள் என்று தெரியாது. வெயில் பட்டால் முறியும். அங்கே நின்று பார்த்த பிறகு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. இதை இரண்டு வருடம் முன்பே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் வரைவை இத்துடன் அனுப்புகிறேன். ஆளில்லாத படம். நீராடி வந்தவர்கள் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். தப்பு இருந்தால் எழுதுங்கள்.

யசுகிச்சி


தகிமோத்தோ
இரண்டாம் மாதம், மூன்றாம் நாள்

தம்பி,

படித்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

உன் படத்தில் தண்ணீர் நேராகக் குளத்தில் விழுகிறது. அப்படி இல்லை. பாதியில் ஒரு பாறை முட்டிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் அதில் பட்டு முன்னால் எகிறித்தான் விழும். அந்தத் தண்ணீருக்குப் பின்னால், அடியில், ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குத் தண்ணீர் விழாத இடம் உண்டு. கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே பாறையில் ஒரு முழ உயரத்துக்கு ஃபுதோ சாமியைச் செதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் தெறித்துத் தெறித்து முகம் தேய்ந்துவிட்டது. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய்.

தாண்டினேன்.

தினமும் மாற்று உடையும் துணியில் சுற்றிய சூட்டுக்கல்லும் வைத்துக்கொண்டு எல்லைக்கல்லருகில் அவருக்காக நிற்பேன். அங்கிருந்து அருவி கூப்பிடு தூரம். பத்தொன்பதாம் நாள் நாவோஜி ஓடி வந்தான். "அக்கா, அண்ணன் விழுந்துட்டாரு!"

"தூக்கினீங்களா?"

"இல்லக்கா... மந்திரம் முடியல. விரதத்துல இருக்கிறவரைத் தொடக் கூடாதுன்னு..."

அதற்கு மேல் அவன் பேசியது எனக்குக் கேட்கவில்லை. கல்லைத் தாண்டினது எப்போது என்றுகூடத் தெரியாது. கரையில் அவரோடு விரதம் இருந்த மற்ற இரண்டு பேரும் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். உதடு நீலம் பாரித்து, மந்திரத்தை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கினேன். இடுப்புவரை தண்ணீர். அவர் கால் அந்தச் சாமிக்கு அடியில் பாறை இடுக்கில், தலை குளத்துப் பக்கம், மல்லாந்து கிடந்தார். தலையில் அடி. மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்தார். என்னைத் தெரிந்துகொண்டார்.

"போ. இங்க நிக்காத, போ" என்றார். என் தோளில் கையை வைத்துத் தள்ளினார்.

அவ்வளவுதான் பேசியது. இழுத்துக் கரைசேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

பிறகு அந்த மூன்று ஆண்களும் பேசி முடிவு செய்தார்கள். தூக்கியது நாங்கள், நீ கல்லடியில்தான் நின்றாய் என்று. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள். தங்களையும். ஆனால் மார்பளவு நனைந்து நடுங்கிக்கொண்டு தெருவில் வந்தவளை ஊர் பார்த்துவிட்டது.

நீ கேட்டபோது நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது தெரிகிறதா? பனிதான் அடித்தது என்று எனக்கும் தெரியும் தம்பி. அடித்த பிறகும் மூச்சு இருந்ததே. நான் தொட்ட பிறகுதானே நின்றது. சாமி தள்ளியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தள்ளியது அவர். உன் கண்ணுக்காக நின்ற விரதத்தை நான் வந்து கெடுத்துவிட்டேன் என்றுதானே தள்ளினார்? இரண்டு வருடமாக அந்தக் கையைத் தோளில் சுமந்துகொண்டு இருக்கிறேன்.

ஓமசா


எடோ
இரண்டாம் மாதம், பதினேழாம் நாள்

அண்ணி,

எரித்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். யோசித்துச் சொல்லுங்கள். அவரை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தபோது, பின்னால் ஏதாவது சத்தம் கேட்டதா?

முதலில் ஒன்று விழுந்தது, பிறகு பெரியது விழுந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா? அந்த விறகுவெட்டி அப்போதே சொன்னார், எழுத விட்டுப்போயிற்று. "சின்னது போயிட்டா பெரியதுக்குப் பிடிமானம் கிடையாது. சில நாள் உடனே வரும். சில நாள் சோறு வேகுற நேரம் தொங்கிக்கிட்டு இருக்கும். ஆனா வந்தே தீரும்."

மல்லாந்து கிடந்தவர் கண்ணைத் திறந்தால் முதலில் என்ன தெரியும்? மேலே தொங்குகிறது தெரியும். அதற்கு நேர் கீழே நீங்கள் நிற்பது தெரியும். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவர் அந்தக் கையைத் தூக்கியிருக்கிறார்.

இது என் ஊகம்தான். நான் அங்கே இல்லை. ஆறுதலுக்குக் கதை கட்டுகிறேன் என்று தோன்றினால் தள்ளிவிடுங்கள். ஆனால் அண்ணன் பேச்சு உங்களுக்குத் தெரியாதா? எனக்கு ஒன்பது வயதில் எங்கள் தெரு தீப்பிடித்தது. பொம்மையை எடுக்க நான் உள்ளே திரும்பினேன். "போடா!" என்று முதுகில் ஓங்கித் தள்ளினார். வாசலில் விழுந்து முழங்கை பெயர்ந்தது. கூரை இறங்கியது பிறகுதான். அது புரியாமல் ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவரும் விளக்கிச் சொல்லவில்லை.

நீங்கள் சொன்னபடி பாறையைத் திருத்துகிறேன். ஆட்களைப் போடவா, வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யசுகிச்சி


தகிமோத்தோ
மூன்றாம் மாதம், முதல் நாள்

தம்பி,

சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொல்வது நடந்ததுதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று அழுதேன். இதற்கு முன்னால் அழுததெல்லாம் பயத்தில். நேற்றுத்தான் அவர் இல்லையே என்று அழுதேன்.

இரண்டு பேரையும் போடு. ஒளித்து வைக்காதே.

ஓமசா


எடோ
நான்காம் மாதம், இருபதாம் நாள்

அண்ணிக்கு,

முதல் அச்சில் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஈரம் காய்ந்த பிறகுதான் சுருட்டினேன்.

மேலே கப்பலில் வருகிற புது நீலம், கீழே வரவர வெளுத்துக்கொண்டே போகும். அச்சடிப்பவர் ஈரத் துணியால் பலகையைத் துடைத்துத் துடைத்து அதைக் கொண்டு வந்தார். நடுவில் தாள் வெறுமைதான். தண்ணீருக்குள் இரண்டு உருவம், ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு. ஒன்று கிடக்கிறது. இன்னொன்று அதன் அக்குளில் கைகொடுத்து இழுக்கிறது. இழுக்கிறவரின் கூந்தல் அவிழ்ந்து முதுகில் ஒட்டிக்கிடக்கிறது.

பலகை செதுக்குகிறவர் அந்த இடத்தில் உளியை நிறுத்தினார். "ஐயா, இது பொம்பளை முடியாச்சே? அந்த மலையில..."

"ஆமா" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "செதுக்குறதுலயே முடிதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். ஒரு இழைகூட உடையவில்லை. கியூபேயும் பார்த்தார். வழக்கமாக ஒரு படத்துக்கு நூறு குறை சொல்கிற மனிதர், அப்படியே மேலதிகாரிகளின் அனுமதி முத்திரைக்கு அனுப்பினார். முத்திரையும் விழுந்துவிட்டது.

ஊர்க்கூட்டத்துக்கு வருகிறேன். இந்தத் தடவை நீங்கள் வேண்டாம் என்றாலும் வாசலில் நின்று கூப்பிடுவேன்.

யசுகிச்சி


தகிமோத்தோ
ஐந்தாம் மாதம், இரண்டாம் நாள்

தம்பி,

படம் வந்தது. கூடத்துச் சுவரில் ஒட்டினேன். உள்ளே வருகிறவர்கள் பார்க்காமல் போக முடியாத இடம்.

இன்று காலை மொஹேய் வந்தார். கூட்டம் பத்தாம் நாள் என்று சொல்ல வந்தவர், எப்போதும்போல வாசலிலேயே நின்று பேசினார். படம் கண்ணில் பட்டதும் பேச்சு நின்றது. கேட்காமலே உள்ளே வந்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, கிட்டத்தில் பார்த்தார்.

"நம்ம அருவியேதான். நின்னு பார்த்தவன் வரைஞ்சிருக்கான்" என்றார். பிறகு விரலை வைத்தார். "இது தொகுஸோ. இழுக்கறது யாரு?"

நீ வரும்வரை பொறுத்திருக்கலாம். அந்த மூவரும் சொன்ன பொய்யும் கையருகிலேயே இருந்தது.

"நான்தான்" என்றேன்.

விரல் அங்கேயே இருந்தது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "என் பையன்?" என்றார்.

"என்னைக் கூப்பிட ஓடி வந்தது அவன்தான். அவன் வரலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தண்ணியில அவன் இறங்கல."

"இறங்கல."

"ரெண்டு வருஷமா ஆத்துல குளிக்கப் போனாக்கூட, கரையில நின்னு தண்ணியையே பார்த்துட்டுத் திரும்பி வர்றான்மா" என்றார். "நான் மந்திரிச்சுக் கயிறு கட்டினேன். என்னன்னு ஒரு நாள்கூடக் கேட்கல." கிழவர் படத்திலிருந்து விரலை எடுத்தார். "கூட்டத்துக்கு அவனைக் கூட்டிக்கிட்டு வர்றேன். நடந்ததை அவனே எழுந்து சொல்லட்டும். அதுக்கப்புறம் உன்னைப் போன்னு சொல்ல எவனுக்கு வாய் வருதுன்னு பார்ப்போம்."

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். "தொகுஸோவுக்கு அப்ப மூச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு. பேசினார்."

"என்ன சொன்னான்?"

சொன்னேன். நீ எழுதியதில் எதையும் சேர்க்கவில்லை. அவர் சொன்னதை, சொன்னபடி சொன்னேன். தள்ளியதையும் சொன்னேன். மொஹேய் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், அறுபது குளிர்காலம் பார்த்தவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பின்னே? ரெண்டாவது விழப்போகுதே. போன்னுதான் சொல்வான்" என்றார்.

அவர் போன பிறகும் நான் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றேன் தம்பி. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பக்கத்து விடுதிக்காரி ஓடி வந்து, "என்னாச்சு, என்னாச்சு?" என்று உலுக்கினாள். "எங்க வீட்டுக்காரர் என்னைக் காப்பாத்தியிருக்கார்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஓமசா